புள்ளிக்குப் பின்னால் வாப்பா

தொண்ணூறில் முஸ்லிம்களை விரட்டியபோது வடக்கிலிருந்து வந்து கரைத்தீவு முகாமில் ஒதுங்கிய சில நாட்களிலேயே நஸீரின் வாப்பா பதியுதீன் காய்ச்சலில் மௌத்தாகிவிட்டார். நஸீர் அப்போது உம்மாவின் வயிற்றில் இருந்தான். அவனைப் பெற்றதும் உம்மாவும் போய்விட்டாள். முகாமின் நிவாரண அட்டையில் பெயர் இருந்தால்தான் பிள்ளைக்குப் பால்மா. வாப்பாவின் தம்பி, சாச்சா றஊப், தன்னையே தகப்பன் என்று பதிந்து, அவனைத் தன் பிள்ளைகளோடு வளர்த்தார். ஊரிலேயே பிறந்து பதியப்பட்ட மூத்தவள், ராத்தா கமறியாவின் அடையாள அட்டையில் பதியுதீன் இருந்தார். தம்பியின் அட்டையில் றஊப்.

கமறியா எட்டாம் வகுப்போடு தையலுக்குப் போய் அவனைப் படிக்க வைத்தாள். புத்தளத்தில் ஓர் உப்புக் கம்பனியின் கணினிகள் முழுவதும் இன்று அவன் பொறுப்பு. அங்கே சேர்ந்த புதிதில், கணினிக்குள் நுழையும் தன் பெயரை அவனே அமைத்தான்: நஸீர், ஒரு புள்ளி, பதியுதீன். வீட்டில் மடிக்கணினியைத் திறந்து காட்டியபோது, கமறியா அந்த ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக விரல் வைத்து வாசித்தாள். வாப்பாவும் மகனும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தது உலகத்தில் அந்த ஓரிடத்தில்தான்.

இவ்வருடம் எல்லோருடைய கணக்குப் பெயரையும் ஒரே முறைக்குக் கொண்டுவரச் சொல்லித் தலைமை அலுவலகம் உத்தரவிட்டது. விதியை நஸீர்தான் எழுதினான். சொந்தப் பெயர், புள்ளி, தகப்பன் பெயர். ஆளுக்கொரு கதையோடு வருவார்களே என்று, 'அடையாள அட்டையில் உள்ளபடி' என்றும் சேர்த்தான்.

களஞ்சியத்து முபாரிஸின் கணக்கு 'கிங்' என்றிருந்தது.

"பேரை மாத்தினா உப்பு இனிக்கப் போகுதா மச்சான்?"

"விதி எல்லாருக்கும் ஒண்டுதான்."

"அப்ப ஒன்ட அட்டையில வாப்பா றஊப்தானே? ஆரு இந்தப் பதியுதீன்?"

அலுவலகம் சிரித்தது. நஸீர் விசைப்பலகைக்குத் திரும்பினான். முபாரிஸின் பெயரை மாற்றினான். அடுத்ததாகத் தன்னுடையதை.

வீட்டுக்கு வந்து சொன்னபோது கமறியா ரொட்டிக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தாள்.

"அங்க எல்லாம் ஒன்ட கையிலதானே? ஒன்ட பேரை மட்டும் விட்டிருந்தா ஆரு கேக்கப் போறா?"

"மத்தவன்ட பேரையெல்லாம் மாத்திப்போட்டு என்டதை மட்டும் எப்பிடி ராத்தா விடுற?"

அப்படி ஒழுங்காக இருக்கச் சொல்லி வளர்த்தவள் அவள்தான்.

"காட்டு" என்றாள்.

அவன் திறந்தான். மாவு ஒட்டிய விரலை வைத்து வாசித்தாள். நஸீர். புள்ளி. அதற்குப் பின்னால் றஊப். தன் பிள்ளைகளின் கோப்பையில் குறைத்து இவனுக்கு ஊற்றிய மனிதர். அந்தப் பெயரை எப்படி வெறுப்பது?

"சாச்சா நல்ல மனுசன்" என்றாள்.

"ஓம் ராத்தா."

திரையில் பட்ட மாவை அவள் முந்தானையால் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தாள்.