சரிந்த வயலும் மூன்று நாட்டுக் கணக்குப் புத்தகங்களும்

ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. ஆனாலும் கணக்குப் புத்தகம் எங்கே கண்டாலும் விடமாட்டேன். முரசுமோட்டைப் பக்கம் குடியேறியபோது என்னிடம் மூன்று இருந்தன. ஒன்று நம் நாட்டுப் பள்ளிக்கூடப் புத்தகம். மற்றது மச்சான் இராமேசுவரம் போய் வரும்போது வாங்கி வந்த இந்தியப் புத்தகம். மூன்றாவது, மலாயாவில் ரயில்வேயில் வேலை செய்து ஓய்வுபெற்ற பக்கத்து வளவுக்காரர் தந்த இங்கிலிஷ் புத்தகம். மழை நாட்களில் ஒரே கணக்கை மூன்றிலும் தேடிப் பார்ப்பேன். வெட்கத்தால் மனைவியைத் தவிர ஒருவருக்கும் சொன்னதில்லை.

நம் புத்தகத்தில் எல்லாக் காணியும் நீள்சதுரம்தான். நீளத்தை அகலத்தால் பெருக்கிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடும். இந்தியப் புத்தகம் ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லும், படம் குறைவு. மலாயாப் புத்தகத்தில் எனக்கு எழுத்து விளங்காது, படம் விளங்கும். கோணல்மாணலான றப்பர்த் தோட்டங்கள். அவற்றுக்குள் மூலைக்கு மூலை புள்ளிக்கோடு.

எங்கள் வயல் வாய்க்கால் வளைவில் சரிந்து கிடந்தது. குடியேற்றத்தை மேற்பார்க்கும் ஓவசியர் நாலு வரம்பையும் அளவுச் சங்கிலி பிடித்து அளந்திருந்தார். நீளப் பக்கங்கள் ஆறு சங்கிலி, மற்றப் பக்கங்கள் ஐந்து. பெருக்கினால் முப்பது சதுரச் சங்கிலி, அதாவது மூன்று ஏக்கர். எங்கள் ஆட்களும் அப்படித்தான்; வரம்பில் நடந்து அளந்தால் வயலை அளந்த மாதிரி.

என் விளைச்சல் தொண்ணூற்றாறு புசல் நெல். ஏக்கருக்கு முப்பத்திரண்டு. மற்றவர்களுக்கு முப்பத்தைந்துக்குக் குறையவில்லை. இரண்டு வருடம் இப்படியே வர, ஓவசியர் என்னைக் கூப்பிட்டார்.

"வாற குடியேற்றக் கூட்டத்திலை உம்மடை பேர் வரும். ஒழுங்காய் விதைச்சுச் செய்யாதவையின்ரை காணி பெர்மிற்றை வெட்டச் சொல்லி உத்தரவு."

மேல் வயல்காரர் என் மனைவிக்குக் கேட்கவே சொன்னார்: "அண்ணை வயலுக்கை நிண்டு கொக்கு எண்ணுறாராக்கும்."

அன்று மலாயாப் படத்தைப் பார்த்தபோது அது என் வயல் என்று பட்டது. புள்ளிக்கோடு போட்டு அதை இரண்டு முக்கோணமாக்கும் காரணத்தை இந்தியப் புத்தகம் சொன்னது. நெல் வெட்டு முடிந்த வயலில் கயிற்றோடு இறங்கினேன். எதிரெதிர் மூலைகளில் கிட்ட இருந்த இரண்டுக்கும் இடையே ஐந்து சங்கிலி. அதில் ஒரு மூலையிலிருந்து எதிரே உள்ள நீள வரம்புக்கு நேர்குத்தாக நாலு. ஒரு முக்கோணம் பன்னிரண்டு, இரண்டும் இருபத்துநாலு. முப்பது இல்லை! அதை ஏக்கர், றூட், பேர்ச்சஸ் என்று மாற்ற நம் நாட்டுப் புத்தகத்தின் வாய்ப்பாடு உதவியது.

கூட்டத்தில் எழுந்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆகவே நாலு கமுகஞ்சலாகைகளை மூலைகளில் கயிற்றால் கட்டி ஒரு சட்டமாகக் கொண்டுபோனேன். என் பெயர் வந்ததும் அதை மேசையில் வைத்தேன்.

"என்ன அண்ணை, பட்டம் ஏத்தப் போறியளோ?" என்றார் மேல் வயல்காரர். எல்லாரும் சிரித்தார்கள்.

"ஐயா, இது என்ரை வயல். ஆறும் ஐஞ்சும்," என்றேன். சட்டத்தைச் சரித்தேன். "இப்பவும் ஆறும் ஐஞ்சும்." இன்னும் சரித்தேன். சலாகைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்தன. இடையில் விரல் நுழையாது. "இப்பவும் ஆறும் ஐஞ்சும்தான். உங்கடை கணக்குக்கு மூண்டு ஏக்கர். நான் எங்கை விதைக்கிறது?"

 புத்தகம் தந்த மலாயாக்காரர் வெடித்துச் சிரித்தார். "வரம்பிலைதான் விதைக்கவேணும்!" கூட்டக் கொட்டகை சிரிப்பில் அதிர்ந்தது.

ஓவசியர் சட்டத்தை வாங்கித் தானே இரண்டு தரம் சரித்துப் பார்த்தார். நேர்மையான மனிதர். "சங்கிலியை எடுங்கோ," என்றார்.

கூட்டம் முழுவதும் வயலுக்கு வந்தது. மனைவியும் வரம்பில் வந்து நின்றாள். குறுக்கே ஐந்து, குத்துக்கு நாலு. ஓவசியர் பென்சிலை எடுக்க முதலே என் வாய் திறந்துவிட்டது.

"ரெண்டு ஏக்கர், ஒரு றூட், இருபத்துநாலு பேர்ச்சஸ்."

அவர் எழுதி முடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அதே விடை. தொண்ணூற்றாறு புசலையும் அவரே பிரித்துச் சத்தமாக வாசித்தார்: "ஏக்கருக்கு நாப்பது! இந்த வாய்க்காலிலை ஒருத்தருக்கும் இல்லை. உம்மடை பெர்மிற்றை வெட்டினா, பிறகு ஆரின்ரையைத்தான் வைக்கிறது?"

திரும்பி நடக்கையில் மேல் வயல்காரர் என் பின்னால் ஓடி வந்தார்.

"அண்ணை, என்ன நெல்லு விதைச்சனீங்கள்?"

 மனைவி முந்திக்கொண்டாள்.

"பொறுங்கோ, அவர் கொக்கு எண்ணி முடிச்சிட்டுச் சொல்லுவார்."