பட்டாளத்தக்கா ஊற்றிய தண்ணீர்

காசியிலிருந்து நான் கொண்டுவந்த கங்கைத் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகியதும் எழுந்த சேற்று வாசனை என்னை உட்காரவிடவில்லை. பையைக்கூடப் பிரிக்காமல் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தேன். உடையார்பாளையத்தில் பட்டாளத்தக்கா வந்திறங்கும் காலைகளில் எங்கள் தெருக் கிணற்றடியில் இதே வாசனைதான் வீசும். ராணுவத்திலிருந்த கணவரோடு பாதி நாட்டைப் பார்த்தவர், அவர் இறந்த பிறகும் ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாமல் பஸ்ஸும் ரயிலுமாக அலைந்தார். தெருவில் யாருக்காவது ஆஸ்பத்திரிக்குத் துணை வேண்டுமென்றாலும் அதே பயணப்பையோடு முன்னால் வந்து நிற்பார். போன ஊர்த் தண்ணீரையெல்லாம் பாட்டிலில் பிடித்துவந்து, "வர முடியாதவங்களும் குடிக்கட்டும்" என்று கிணற்றில் ஊற்றுவார். உருளை கிறீச்சிட, குடங்கள் முட்டிக்கொள்ள, பெண்கள் இறைத்துக் குடித்தபடியே அந்த ஊர்க் கதையைக் கேட்பார்கள். ஜெயங்கொண்டம் சந்தையைத் தாண்டாத அம்மா, கயிற்றை விடாமல், "இன்னிக்கு எந்த ஊருத் தண்ணி, அக்கா?" என்பாள். கன்னியாகுமரிக் கடல்நீரை ஊற்றிய அன்று, அந்த ஒரு பாட்டிலுக்கே கிணறு முழுக்கக் கரிக்கிறது என்று சாதித்தாள். அக்கா மறுக்கவில்லை, தானும் ஒரு வாய் குடித்துப் பார்த்து, "ஆமாண்டி, லேசா" என்றார்.

அக்கா போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிறது. சாலையை அகலப்படுத்தியபோது கிணற்றை மூடிவிட்டார்கள். அதன்மேல் இப்போது சிமெண்ட் லாரிகள் ஓடுகின்றன.

அரியலூரில் என்னோடு இருக்கும் அம்மாவிடம் பாட்டிலை நீட்டினேன். வாங்கி முகர்ந்தாள். எழுந்து வாசல்வரை போய், தெருவை இருபுறமும் பார்த்துவிட்டு, அதே பாட்டிலோடு திரும்பி வந்தாள்.

"எல்லாருக்கும் ஊத்தாம நா மட்டும் எப்புடிக் குடிக்கிறது?"