பெண் குருவிக்குத் தெரியும் வித்தியாசம்

இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில் நான் ஒருவனைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். பொறாமைப்படத் தகுந்த ஆளென்றால் எனக்கும் ஒரு மரியாதை இருந்திருக்கும். இவனுக்கு ஒழுங்கான குளிர்சட்டைகூட இல்லை.

மனைவிக்கு அப்போது ஒஸ்லோவில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை. ஆரஞ்சு நிற அலகுள்ள, உள்ளங்கையில் அடங்கும் குருவிகளுக்குத் தினையும் தண்ணீரும் வைத்துக் கூண்டு துப்புரவாக்க வேண்டும். அந்தக் குருவிகள் துணை தேடும்போது அவற்றின் மூளைக்குள் என்ன நடக்கிறது என்று ஆராய மதுரையிலிருந்து வந்த இளம் விஞ்ஞானிதான் இவன். இவள் அவனைத் 'தம்பி' என்றாள். அவன் இவளை 'அக்கா' என்றான். அந்த உறவுமுறை எனக்கு நிம்மதி தந்திருக்க வேண்டும். தரவில்லை. ரொம்சோஸில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு, ஆள் வராமலே, தம்பி தினமும் வந்துகொண்டிருந்தான். தம்பி சொன்னது, தம்பி சிரித்தது, தம்பிக்குப் பிடிக்காத கத்தரிக்காய். அவளுடைய பேச்சில் 'சூப்பர்' என்றொரு சொல் குடிபுகுந்தது. நான் வைத்த சொதிக்கு அது ஒருநாளும் கிடைக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை ஆளையே சாப்பிடக் கூப்பிட்டாள். இடியப்பத்தைப் பிசைந்தபடி அவன் விளக்கினான்.

"ஆண் குருவிக்கு ஒரே பாட்டுதான் சார். தனியா இருந்தாலும் அதைத்தான் பாடும். ஆனா பொண்ணு எதிர்ல வந்து உக்காந்தா, அதே பாட்டைக் கொஞ்சமும் பிசகாம, ஒரு துளி வேகமாப் பாடும். மூளையில ஒரு முடிச்சு மாதிரி இருக்கு. தனியா இருக்கறப்ப அதுதான் பாட்டை அங்க இங்க அலைய விடுது. பொண்ணைப் பாத்ததும் அது அடங்கிடும்."

"பெட்டைக் குருவிக்கு அந்த வித்தியாசம் விளங்குமோ?"

"நல்லாவே தெரியும் சார். தனக்காகப் பாடினதுதான் அதுக்குப் பிடிக்கும்."

மடிக்கணினியில் இரண்டையும் போட்டுக் காட்டினான். எனக்கு இரண்டும் எண்ணெய் காணாத கதவாகத்தான் கேட்டன. மனைவி கறிச்சட்டியோடு நின்று கேட்டுவிட்டு, "முதலாவது சும்மா பாடினது. ரெண்டாவது ஆருக்கோ" என்றாள்.

"கரெக்ட், அக்கா."

எனக்குப் பயம் பிடித்தது. குருவியிடம் இதைக் கண்டுபிடிப்பவள் புருஷனிடம் கண்டுபிடிக்க மாட்டாளா? நானும் ஒருவகையில் பாடும் ஆண்தான். எங்கள் தமிழ்ச் சனத்தின் விழாக்களில் சாப்பாட்டுக்கு முன் வரும் நகைச்சுவைப் பேச்சு என்னுடையது. சபை சிரிக்கும். அவள் பின்வரிசையில் யாருக்கு ரோல்ஸ் வரவில்லை என்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

அன்றிலிருந்து உளவு பார்த்தேன். குஞ்சு பொரித்த கதையைத் தொலைபேசியில் தம்பியோடு கதைக்கும்போது அவள் குரல் படியேறி இறங்கும். வைத்துவிட்டு என்னிடம் திரும்பி, "பால் முடிஞ்சுது" என்பாள். இந்த வித்தியாசம் என் காதுக்கே கேட்டது.

பனி கொட்டிய ஒரு மாலை, கூட்டிவரும் சாக்கில் ஆய்வுகூடத்துக்குப் போனேன். கதவுக்கு வெளியிலேயே சிரிப்புச் சத்தம். உள்ளே அவள் ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்தாள். நோர்வேக்கு வந்த புதிதில், சாவ்னா என்ற வெக்கை அறையும் குளியலறைதானே என்று நான் சாறத்தோடும் வாளியோடும் போய், துணியே இல்லாத நோர்வேஜியர்களுக்கு நடுவில் உட்கார்ந்த கதை. அவர்களில் ஒருவர் எழுந்து கைகொடுத்து, நாளை முதல் நான்தான் உன் மேலாளர் என்ற கதை. மேடைகளில் தேய்த்துத் தேய்த்து நான் மினுக்கியது. என் இடைநிறுத்தங்களைக்கூட அவள் விடவில்லை. தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். என் பாட்டை, என் மனைவி, இன்னொருவனுக்குப் பாடுகிறாள். எந்தக் குருவிக்கும் இந்த நிலைமை வந்திருக்காது.

ரயிலில் ஏறியதும், "அது என்ரை கதை" என்றேன்.

"ஆர் இல்லையெண்டது?"

"அவனுக்கு ஏன் சொன்னனீர்?"

"சார் வீட்டிலையும் பகிடி விடுவாரோ எண்டு கேட்டான். வீட்டிலை விட்டது ஒண்டும் ஞாபகத்துக்கு வரேல்லை. சபையிலை கேட்டதைச் சொன்னனான்."

"உமக்கு நான் அதைச் சொன்னதில்லையோ?"

"எனக்கெண்டு எப்ப சொன்னனீங்கள்? மற்றச் சனத்தோடை இருந்துதானே கேட்டனான்."

எங்களுக்கு முந்திய நிலையமான குரோருட் வரும்வரை யோசித்தேன். பிறகு சொல்லத் தொடங்கினேன். முன்னால் மைக் இல்லை. பக்கத்தில் அவள் மட்டும். வாளியை மறந்துபோனேன். மேலாளரை நேரத்துக்கு முன்பே எழுப்பிவிட்டேன். சிரிப்பு வரவேண்டிய இடத்தில் எனக்கு இருமல் வந்தது. தம்பியின் விஞ்ஞானப்படி பார்த்தால் எந்தப் பெட்டையும் இந்நேரம் வேறு கொப்புக்குப் பறந்திருக்கும்.

"இப்பிடித் தடுமாறிக்கொண்டோ சபையிலையும் சொன்னனீங்கள்?" என்றாள்.

"இல்லை. அங்கை சொல்லாத துண்டு ஒண்டு இருக்கு. அண்டைக்கு அறைக்கு வந்தாப்பிறகு இதைச் சொல்ல ஒருத்தரும் இல்லை. சுவருக்குத்தான் சொன்னனான்."

அவள் முழுதாக என் பக்கம் திரும்பினாள்.

"சுவர் சிரிச்சதோ?"

"இல்லை."

ரொம்சோஸ் வந்து கதவு திறந்தது. நான் எழும்பினேன். அவள் என் குளிர்சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"இருங்கோ. அடுத்ததிலை இறங்கித் திரும்பி வருவம். சுவருக்கு என்னெண்டு தொடங்கினனீங்கள்?"