என் தீபாவளி வாழ்த்து அடைத்த வழி

ஆறாம் ஆண்டோடு பள்ளியை விட்டவன் நான். பினாங்கில் உள்ள ஜுருவில் லோரி கம்பெனி தொடங்கினேன், பட்டறை கட்டினேன். யாரையும் நம்பாமல் ஆபீஸிலேயே சொந்தமாக ஈமெயில் சர்வரும் வைத்தேன்.

போன வருடம் பாயான் பாருவில் ஒரு தொழிற்சாலைக்கு நாங்கள் ஈமெயிலில் அனுப்பிய விலைப்பட்டியல் போய்ச் சேரவேயில்லை. அந்த வேலை வேறொருவருக்குப் போனது. கம்பெனியை நடத்தும் என் மகள் கலா சர்வரைக் குடைந்து பார்த்தாள், ஒன்றும் பிடிபடவில்லை. எந்த மெயில் போனது, எது திரும்பியது என்று சர்வர் குறித்து வைக்கும் பதிவேட்டை நான் தாளில் எடுத்து, எழுத்துக்கூட்டி வரிவரியாகப் படித்தேன். மெயில்கள் மறுக்கப்பட்டதெல்லாம் தீபாவளிக்கு மறுநாளிலிருந்துதான். அதை அவளிடம் காட்டினேன்.

“அப்பா, தீபாவளிக்கு என்ன செஞ்சீங்க?”

“ஈமெயில்ல வாழ்த்து அனுப்பினேன். இத்தனை வருஷமா சேர்த்த நேம் கார்டு எல்லாத்துக்கும், ஒரே நாள்ல.”

“போச்சுலா! குப்பை மெயில் அனுப்புறவங்க லிஸ்ட்ல நம்ம சர்வரைப் போட்டுட்டாங்க. அதான் யாரும் வாங்க மாட்டேங்கிறாங்க!”

அந்த லிஸ்ட்டை வைத்திருப்பவர்களுக்கு அவள் எழுதிக் கேட்டு, எங்கள் சர்வரை அதிலிருந்து எடுக்க வைத்தாள். போன வேலை திரும்பவில்லை.

கெடுத்தது அப்பா, சரிசெய்தது கலா என்று இன்றும் ஆபீஸில் சிரிக்கிறார்கள். கெடுத்தது நான்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த நாளைக் கண்டுபிடித்ததும் நான்தான். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.