பன்னிரண்டாவது சைக்கிள்

பனச்சமூட்டுச் சந்தைக்குப் பின்னால் இருந்த மாவு மில்லில் ராஜப்பன் இருபத்தொரு வருடம் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை மில் ஓடாது. அன்று காலையில் அவர் மட்டும் வந்து, தேய்ந்துபோன அரவைக்கல்லைக் கொத்திச் சரிசெய்துவிட்டுப் போவார். 1994 ஜனவரியில் ஒரு ஞாயிறு அப்படி உளியோடு உட்கார்ந்திருந்தபோதுதான் சைக்கிள்கள் இரண்டிரண்டாக மில்லைக் கடந்து போவதைப் பார்த்தார். எண்ணினார். பதினொன்று. கடைசி ஆள் மட்டும் ஜோடியில்லாமல் போனான். ஒன்றின் கேரியரிலும் சுமை இல்லை.

அடுத்த ஞாயிறும் போனார்கள். அதற்கடுத்த ஞாயிறு ராஜப்பன் உளியைப் போட்டுவிட்டு ரோட்டோரம் வந்து நின்றார்.

"எங்க போறிய?"

முன்னால் வந்த யோசுவா ஒரு காலை ஊன்றி நின்றார். அவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். "பாறசாலைக்கு."

"அங்க என்ன காரியம்?"

"ஒரு காரியமும் இல்ல. போயிட்டு திரும்பி வருவோம். வாசகசாலையில சைக்கிள் கிளப்பு தொடங்கியிருக்கு. வாறியளா?"

அன்று கல்கொத்து சரியாக அமையவில்லை. டீக்கடைகளுக்கு மாவு மூட்டை கொண்டுபோய்ப் போடுகிற ராஜப்பன் தினமும் சைக்கிள் மிதிப்பவர்தான். ஆனால் காரியமில்லாமல் ஒருநாளாவது மிதித்ததாக நினைவில்லை. அதைவிட அவரைக் குடைந்தது இன்னொன்று. அந்தப் பதினொரு பேரும் ஓயாமல் பேசிக்கொண்டே போனார்கள். அப்படி என்ன பேச்சு? வீட்டில் மனைவி சுகுமாரியிடம் சொன்னார்.

"கேட்டுட்டு வந்து எனக்கும் செல்லுங்க," என்றாள் அவள்.

கிளப்பில் சேர்ந்த முதல் ஞாயிறே வெள்ளறடா ஏற்றத்தில் தவறு நடந்தது. மூட்டையோடு ஏறிப் பழகிய கால்கள் அவரைத் தனியாக மேலே கொண்டுபோய்விட்டன. திரும்பிப் பார்த்தால் பின்னால் ஒருவரையும் காணோம். வெகுநேரம் கழித்து மூச்சிரைக்க வந்துசேர்ந்த யோசுவா, "ஓட்டப்பந்தயம் இல்ல கேட்டியளா. எல்லாரும் ஒண்ணா போணும்," என்றார். மெதுவாகப் போவது ராஜப்பனுக்கு மூட்டையை விடப் பாரமாக இருந்தது. முன்னால் போகிறவன் "குழி" என்று குரல் கொடுத்தால் அதை வாங்கிப் பின்னால் சொல்ல வேண்டும். பின்னால் இருப்பவன் "வண்டி" என்றால் அதை முன்னால் சொல்ல வேண்டும். இங்கேதான் சிக்கல்.

ராஜப்பனுக்கு இடது காது கேட்காது. ஆறு வயதில் பழுத்துப் போனது. பள்ளிக்கூடத்தில் செவிடன் என்று கூப்பிட்டதோடு படிப்பை விட்டவர். இங்கே சுகுமாரியைத் தவிர யாருக்கும் அது தெரியாது. மில் சத்தத்தில் எல்லாரும் கத்தித்தான் பேசியாக வேண்டும் என்பதால் இத்தனை வருடமும் வெளியே வராமல் இருந்துவிட்டது.

நான்காவது ஞாயிறு காரக்கோணம் பக்கத்தில் ஒரு "வண்டி" கேட்டது. முன்னாலிருந்து வருகிறது என்று நினைத்த ராஜப்பன் சட்டென்று இடது பக்கம் ஒடித்தார். அவர் பின்சக்கரத்தில் மோதி, கிளப்பில் இருந்த அம்பிளி டீச்சர் ரோட்டோரச் சரளில் விழுந்தாள். பின்னால் வந்த லாரி ஒதுங்கிப் போய்விட்டது. அவள் முழங்கை உரிந்து ரத்தம் வந்தது.

"பின்னாலேருந்து விளிச்சது கேக்கலியா?" என்று யோசுவா சத்தம் போட்டார்.

ராஜப்பன் டீச்சரின் சைக்கிளைத் தூக்கி நிறுத்தினார். அடுத்த இரண்டு ஞாயிறும் மில்லைத் திறக்கவும் இல்லை, ரோட்டுக்கு வரவும் இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை அம்பிளி மிளகாய் அரைக்க வந்தாள். ட்யூட்டோரியலில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவள். கையில் இன்னும் கட்டு இருந்தது. கரண்ட் போய் மில் அமைதியாகக் கிடந்தது. அவள் அவருடைய இடது பக்கம் நின்று, "ஏன் வரல்ல அண்ணே?" என்றாள். பதில் இல்லை. கோபம் போலும் என்று நினைத்து மறுபக்கம் வந்து மறுபடி கேட்டாள். அவர் உடனே நிமிர்ந்து, "டீச்சர் எப்ப வந்திய?" என்றார்.

அவள் அவருடைய இடது காதைச் சுட்டினாள். "அண்ணனுக்கு அந்தப் பக்கம் கேக்காதோ?"

அவர் கட்டிவைத்திருந்த ஒரு மாவுப்பையை அவிழ்த்து மறுபடி கட்டினார். "சின்னதில போச்சு."

"அப்ப அண்ணைக்கு விளிச்சது?"

"கேட்டுது. எங்கேருந்துண்ணுதான் பிடிகிட்டல்ல."

அம்பிளிக்கு அது புதிதாக இருந்தது. ஒரு சாக்கின்மேல் உட்கார்ந்து கண்ணை மூடி, இடது காதை விரலால் அடைத்துக்கொண்டு, "சுத்தி நடந்து கை தட்டுங்க," என்றாள். ராஜப்பன் தயங்கித் தயங்கி நடந்து தட்டினார். அவள் விரல் நீட்டிய திசை பாதிக்குமேல் தப்பு. மிளகாய்த் தூள் ஏறி நாலு தடவை தும்மிவிட்டுக் கண்ணைத் திறந்தாள். "இப்படியா இவ்வளவு வருஷமும்?" என்றாள். பிறகு, "மற்றவியகிட்ட நான் செல்லமாட்டேன். நீங்களே செல்லணும்."

ஞாயிறு அவரே சொன்னார். யோசுவாவுக்கு முகம் சிறுத்துவிட்டது. "முதல்லயே செல்லியிருந்தா நான் சத்தம் போட்டிருப்பனா?" என்றார். அன்றே புது ஏற்பாடு வந்தது. குழி இருக்கும் பக்கம் கையைத் தாழ்த்திக் காட்ட வேண்டும். பின்னால் வண்டி வந்தால் பக்கத்தில் வருகிறவர் தோளைத் தொட வேண்டும். ராஜப்பனுக்கு எப்போதும் இடது வரிசை; ஜோடி அவருடைய வலது பக்கம்.

அன்றுதான் முதல்முறையாகப் பேச்சு முழுதாகக் கேட்டது. ரப்பர் ஷீட்டின் விலை. ஒருவருடைய மாமனாருக்குப் பல் கட்டியது. அம்பிளியின் ட்யூட்டோரியல் பையன்கள் கூட்டலில் விடுகிற தப்பு. வீட்டில் சொன்னபோது, "இவ்வளவுதானா?" என்று சுகுமாரி ஏமாந்துபோனாள்.

"அடுத்த ஞாயிறு அந்தப் பல்லு என்னாச்சுண்ணு தெரியணுமே," என்றார் ராஜப்பன்.

தொண்ணூற்றாறு டிசம்பரில் கோட்டுகால் போகும் நாள் அவரை முன்னால் விட்டார்கள். திருப்புறம் தாண்டி வழி இரண்டாகப் பிரியும் ஒரு கவையில் அவர் இடதுகையை நீட்டித் திரும்பினார். பதினொரு பேரும் கேள்வியில்லாமல் திரும்பினார்கள். தென்னந்தோப்புக்குள் ஒரு மைல் போனதும் வழி முடிந்தது. எதிரே கயிறு திரிக்கத் தேங்காய்த் தொண்டு ஊறுகிற காயல், அதன் நாற்றம்.

"இது எங்க போற வழி?" என்று யோசுவா கேட்டார்.

"தெரியாது. இதுவரை வந்ததில்ல. அதான் பாக்கலாம்ணு."

காலை ஆராதனைக்குத் திரும்ப வேண்டிய யோசுவா கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, தண்ணீரில் கிடந்த தொண்டுக்கட்டு ஒன்றைக் காலால் அமுக்கி, இது எத்தனை மாதம் கிடக்கும் என்று ராஜப்பனிடம் கேட்டார். அவருக்கும் தெரியவில்லை. கரையில் தொண்டு அடித்துக்கொண்டிருந்த பெண்ணிடம் கேட்க இருவரும் நடந்தார்கள். அன்று யோசுவா சாயங்கால ஆராதனைக்குத்தான் சர்ச்சுக்குப் போனார்.