எண் மாறிய குடைப் படம்

போன மார்கழியில் ஒரு புதன்கிழமை, முற்பகல் பதினொன்று பத்துக்கு என் நிம்மதி போயிற்று. நேரம் நன்றாக நினைவிருக்கிறது. செம்பாக்கம் வீட்டுக் கூடத்தில் சுவர்க் கடிகாரத்துக்கு நேர் கீழேதான் அக்கா அந்தப் படத்தை மாட்டியிருந்தார். காய்ச்சலும் மூச்சுத்திணறலுமாக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்த அக்காவுக்கு மாற்றுப் புடவையும் மூக்குக் கண்ணாடியும் எடுத்துப் போக, அவரிடமே சாவி வாங்கிக்கொண்டு வந்திருந்தேன். மணி பார்த்த கண் அப்படியே கீழே இறங்கியது. படத்தின் அடியில், இடது ஓரத்தில், பென்சிலால் 11/20 என்று எழுதியிருந்தது.

அது 3/20 ஆக இருக்க வேண்டும்.

அக்கா மறைந்து ஓராண்டு நிறையும் நாளில் உங்கள் கைக்கு வரும் இந்த நினைவு மலரில் இதை எழுதத்தான் வேண்டுமா என்று என் மனைவி கேட்டாள். படங்களைப் பற்றி இந்த ஓராண்டில் உறவினர் பலர் என்னிடம் நேராகவே கேட்டீர்கள். சிலர் எனக்குக் கேட்கும்படி ஒருவரோடொருவர் பேசிக்கொண்டீர்கள். மலர் எல்லோர் வீட்டுக்கும் போகும். என் மகளைப் பற்றிய பேச்சும் எல்லோர் வீட்டுக்கும் போயிருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது அனகாபுத்தூரில், அடையாற்றுக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில். மழைக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் பரண்மேல் உட்கார்ந்து படித்தவர். அப்பா தோல் தொழிற்சாலை ஒன்றில் கணக்கெழுதினார். அக்கா வரைபடப் பயிற்சி முடித்த ஆண்டில் அப்பா தவறிவிட்டார். எனக்கு அப்போது அரைக்கால் சட்டைப் பருவம். அரசு அலுவலகம் ஒன்றில் நில வரைபடம் வரையும் வேலை அக்காவுக்குக் கிடைத்தது. என் பள்ளிக் கட்டணம், கல்லூரி, அம்மாவின் வைத்தியம் எல்லாம் அந்த மைப்பேனாவிலிருந்து வந்தவைதாம். பெண் கேட்டு வந்தவர்களிடம் அக்காவே, “தம்பி ஒரு வேலையில உட்காரட்டும்” என்றார். நான் கணித ஆசிரியராக உட்கார்ந்தபோது கேட்டு வருவது நின்றிருந்தது. அதற்காக அவர் முகம் கோணி நான் பார்த்ததில்லை. செம்பாக்கத்தில் சிறு வீடொன்று கட்டிக்கொண்டு, ஓய்வு பெறும்வரை அங்கிருந்தே அலுவலகம் போய் வந்தார்.

கிணற்றுக்கு ஒரு வட்டம், கோயிலுக்கு ஒரு முக்கோணம், சுடுகாட்டுக்கு ஒரு குறி என்று முப்பது வருடத்துக்கு மேல் போட்ட கை அது. கணினி வந்ததும் கைக்கு வேலை போயிற்று. அந்தச் சமயத்தில்தான் ஓவியக் கண்காட்சிகளுக்குப் போகத் தொடங்கினார். பூ, மயில், ராதை கிருஷ்ணன் எதுவும் அவரை இழுக்கவில்லை. தினமும் நம் கண்ணில் பட்டு நாம் பார்க்காமல் போகிற குறிகளை எட்சிங்காகப் போடும் ஓவியர்கள் சிலர் இருக்கிறார்கள். அவற்றைத் தேடித் தேடி வாங்கினார். அம்புக்குறி, டிரான்ஸ்ஃபார்மர் பெட்டியின் மண்டையோடு, ரயில்வே கேட் பலகை, பிஸ்கட் பாக்கெட்டின் பச்சைப் புள்ளி. “சாமி படம் மாட்டற இடத்துல மண்டையோட மாட்டி வச்சிருக்காளே!” என்று பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டது உங்களில் பலருக்கு நினைவிருக்கும்.

எட்சிங் என்பது மெழுகு பூசிய செப்புத் தகட்டில் ஊசியால் கீறி, அமிலத்தில் ஊறவைத்து, அரித்த கோடுகளில் மை நிரப்பி, ஈரக் காகிதத்தில் அழுத்தி எடுக்கும் படம். இருபது படி என்று ஓவியர் முடிவு செய்தால் இருபதுதான். பிறகு தகட்டின் குறுக்கே கோடு கிழித்துவிடுவாராம், இருபத்தொன்றாவது பிறக்காதபடி. ஒவ்வொன்றின் அடியிலும் இது எத்தனையாவது படி என்று பென்சிலில் எழுதிக் கையெழுத்திடுவார். இதெல்லாம் அக்கா சொல்லித் தெரிந்ததுதான். முதலில் வாங்கி வந்தது குடைப் படம். அட்டைப் பெட்டிகளில் ‘நனையக் கூடாது’ என்பதற்கு அச்சடித்திருப்பார்களே, அந்தக் குடை. மேலே சாய்வாக நாலைந்து மழைக் கோடுகள். வேறொன்றும் கிடையாது.

“என்னக்கா, இருபதுக்கு மூணு மார்க்தான் எடுத்திருக்கு. ஃபெயிலான படத்தையா காசு குடுத்து வாங்கின?” என்று கேட்டேன்.

“வாத்தியார் புத்திய ஸ்கூல்லயே கழட்டி வச்சிட்டு வாடா” என்றார்.

ஆகவே அந்த மூன்று என் மனதில் அழியாமல் நின்றது. இப்போது பதினொன்று. சட்டம் அதே, படம் அதே, எண் மட்டும் வேறு. திருடுபவன் படத்தையே அல்லவா தூக்கிப் போவான்? அதே படத்தை எதற்குத் திருப்பி மாட்ட வேண்டும்? அசலைக் கொண்டுபோய் நகலை வைத்திருந்தால் ஒழிய. அந்த வீட்டுச் சாவி இரண்டு பேரிடம்தான் உண்டு. ஒருவர் அக்கா. இன்னொருத்தி என் மகள் பவித்ரா. பெருங்குடியில் வேலை பார்ப்பவள், வார நாள்களில் அத்தையோடுதான் தங்குவாள்.

எதிர்வீட்டு மல்லிகா அம்மாள் வாசலில் நின்றிருந்தார். நான் கேட்கும் முன்பே அவரே தொடங்கினார்.

“படம் ரிப்பேருக்குக் குடுத்தீங்களா சார்? திங்கக்கிழமை பவித்ரா பெட்ஷீட்டுல சுத்தி ஆட்டோவுல எடுத்துட்டுப் போச்சே. சாயந்திரம் திரும்பக் கொண்டாந்துச்சு.”

“நீங்க கேக்கலையா?”

“கேட்டேன். சிரிச்சிட்டுப் போயிடுச்சு. முந்தின மார்கழியில ஒரு பெரியவர் இதே மாதிரி சுத்திக் கொண்டாந்தாரு. நான் இன்சூரன்ஸ்காரர்னு நெனச்சேன்.”

அப்படியானால் இது ஒருவர் வேலையில்லை என்று எனக்குப் பட்டது. நேரே ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போனேன். அக்கா வழக்கமாகக் கூப்பிடும் முருகன் அங்கேதான் இருந்தார்.

“பள்ளிக்கரணையாண்ட எறக்கி வுட்டேன் சார், ஏரிக்கு எதுத்தாப்ல கீதே, அந்த அபார்ட்மெண்ட்டு. படத்த மடியில வச்சிகினு, ‘மெதுவாண்ணா, மெதுவாண்ணா’ன்னு உயிர வாங்கிடுச்சு. இன்னா சார், பெத்த பொண்ணயே ஃபாலோ பண்றியா?”

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் பவித்ராவைத் தனியே நிறுத்தினேன்.

“குடைப் படத்த எங்கம்மா எடுத்துட்டுப் போன?”

“அத்தை சொன்னாங்க, போனேன். திரும்பக் கொண்டாந்து மாட்டிட்டேன்.”

“இது வேற படம்.”

“அதே படம்தாம்பா.”

“நம்பர் வேற.”

“ஆமா, நம்பர் வேறதான்.”

“யார்கிட்ட குடுத்த?”

“சொல்லக் கூடாதுன்னு அத்தை சத்தியம் வாங்கியிருக்காங்க. அவங்களையே கேளுங்க.”

கேட்டேன். ஆக்சிஜன் குழாயோடு படுத்திருந்த அக்கா என் பக்கம் தலையைத் திருப்பினார். பிறகு சிரித்தார். சிரிப்பு இருமலாயிற்று.

“இத்தனை வருஷமா வந்து போற, இப்பதான் பாத்தியா?” என்றார். “நல்லாகி வீட்டுக்கு வந்து சொல்றேன், போ.”

காய்ச்சலில் ஏதோ சொல்கிறார் என்று நினைத்தேன். யாரோ அக்காவையும் ஏமாற்றி, என் மகளையும் இதில் இழுத்துவிட்டிருக்கிறார்கள் என்றே என் புத்தி போயிற்று. வயதுப் பெண். யாருக்காக எதை மறைக்கிறாள் என்று எந்தத் தகப்பனுக்குத் தெரியும்?

மறுநாள் பள்ளிக்கரணைக்குப் போய் அந்தக் குடியிருப்பின் வாசலில் நின்றேன். காவலாளி எழுந்து வந்தார்.

“எந்த ஃப்ளாட்டு சார்?”

“தெரியலை.”

“பேரு?”

“அதுதான் தெரியணும்.”

“பேரும் தெரியாது, ஊடும் தெரியாது. அப்ப இன்னாத்துக்கு வந்த?”

அந்த நேரத்தில் மனைவி போனில் அழைத்தாள். அக்காவைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது வாயில் குழாய் போட்டாகிவிட்டது. கையைப் பிடித்துக்கொண்டேன். சனிக்கிழமை காலையில் அக்கா போய்விட்டார். வீட்டுக்கு வந்து சொல்கிறேன் என்றவர் வீட்டுக்கு வந்தார், சொல்லத்தான் இல்லை.

அன்று செம்பாக்கம் வீட்டு வாசலில் நின்று, முன்பின் தெரியாத ஒவ்வொரு முகத்தையும், “நீங்க யாரு, எங்கேருந்து வர்றீங்க?” என்று நான் கேட்டதைப் பலர் பார்த்திருப்பீர்கள். துக்கத்தில் புத்தி கலங்கிவிட்டது என்று பேசிக்கொண்டதாகவும் கேள்விப்பட்டேன். புத்தி தெளிவாகத்தான் இருந்தது. நான் தேடிக்கொண்டிருந்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து இலை போட்டபோது மாமா என் காதருகே குனிந்தார். “அந்தப் படத்தையெல்லாம் காகிதம்தான்னு விட்றாதப்பா. அதுக்கெல்லாம் இப்ப நல்ல மதிப்பாம். சாவி உன் பொண்ணு கையிலதான இருந்துச்சு?” பரிமாறிக்கொண்டிருந்த பவித்ராவுக்கு அது கேட்டுவிட்டது. ரசப் பாத்திரத்தை அப்படியே கீழே வைத்தாள்.

நான் குனிந்து சோற்றைப் பிசைந்தேன்.

அடுத்த வாரமே அவள் துரைப்பாக்கத்தில் விடுதி பார்த்துக்கொண்டு போய்விட்டாள். பெட்டியை வண்டியில் ஏற்றும்போது, “வருஷம் திரும்பட்டும்பா. தானா தெரியும்” என்றாள். அது என்ன வருஷக் கணக்கு? அதையும் சந்தேகப்பட்டேன். தினமும் கூப்பிடுவேன். எடுப்பாள். சாப்பிட்டாயா என்றால் சாப்பிட்டேன் என்பாள். அதற்குமேல் எங்கள் இருவருக்கும் பேச்சில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் செம்பாக்கம் போய்க் கூட்டிப் பெருக்கி, ஒவ்வொரு படத்தின் எண்ணையும் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு வருவேன். குடை பதினொன்றாகவே இருந்தது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறைய. அக்காவைத் தங்கள் வீட்டுப் பெண்போலப் பார்த்துக்கொண்ட செவிலியர்கள், அழைத்த போதெல்லாம் வந்த மருத்துவர், துக்க நாள்களில் அடுப்பை அணையவிடாத மல்லிகா அம்மாள், வாடகை வாங்க மறுத்த முருகன், காரியங்களை முன்நின்று நடத்திய மாமா, அலுவலகத் தோழியர், தொலைவிலிருந்து வந்த உறவினர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இன்னும் ஒருவர் இருக்கிறார். அவருடைய பெயர் போன வாரம் வரை எனக்குத் தெரியாது.

போன ஞாயிறு, திதிக்காக வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தோம். நான் அழைக்காமலேயே பவித்ரா விடுதியிலிருந்து வந்திருந்தாள். அழைப்பு மணி அடித்ததும் அவள்தான் ஓடினாள். வாசலில் கட்டம் போட்ட சட்டையில் ஒல்லியான பெரியவர் ஒருவர். கக்கத்தில் போர்வை சுற்றிய சட்டம்.

“வாங்க அங்கிள்” என்றாள், தினமும் பார்ப்பவரைச் சொல்வதுபோல.

அவர் பெயர் தேவராஜன். கிண்டியில் ஒரு தொழிற்சாலையின் சரக்கு அனுப்பும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். தலைவாசலிலேயே நிறுத்தி நான் கேட்ட கேள்விகளுக்கு நின்றபடியே பதில் சொன்னார்.

“வேலைல இருந்த வரைக்கும் பெட்டிமேல குடை அடிச்ச ஆள் சார் நான். கண்காட்சியில அதுக்கு ஃப்ரேம் போட்டு மாட்டியிருந்ததைப் பாத்து சிரிச்சிட்டேன். பக்கத்துல நின்ன உங்கக்கா ‘ஏன் சிரிக்கிறீங்க’ன்னு சண்டைக்கு வந்தாங்க. ஆளுக்கு ஒண்ணு வாங்கினோம். அவங்களுக்கு மூணு, எனக்குப் பதினொண்ணு.”

“அப்புறம் ஏன் மாத்தணும்?”

“எங்க ஃப்ளாட்டு மேற்கு பாத்தது. வெயில்ல காகிதம் வெளுக்குது. இந்த வீட்டுல ஈரம், பழுப்புப் புள்ளி விழுது. ஒரே தகட்டுல பொறந்த ரெண்டும் ரெண்டு விதமா வயசாகுதேன்னு உங்கக்காவுக்கு மனசு கேக்கலை. அதான் மார்கழிக்கு மார்கழி மாத்திக்கிட்டோம், ரெண்டும் ஒண்ணா மூப்படையட்டும்னு. ஒரு வருஷம் நான் வருவேன், ஒரு வருஷம் அவங்க வருவாங்க. போன வருஷம் அவங்க முறை. ஆஸ்பத்திரியில இருந்ததால பாப்பாவ அனுப்பினாங்க.”

எத்தனையோ மார்கழிகள் இந்தக் கூடத்தில் வந்து உட்கார்ந்து காப்பி குடித்திருக்கிறேன். மூன்று போய்ப் பதினொன்று வந்ததும், பதினொன்று போய் மூன்று வந்ததும் என் கண்ணில் படவே இல்லை.

“இதை ஏன் சார் என்கிட்ட மறைக்கணும்?”

அவர் பவித்ராவைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

“‘தம்பிக்குத் தெரிஞ்சா உங்க ரேஷன் கார்டு வரைக்கும் கேப்பான், அப்புறம் நீங்க வர மாட்டீங்க’ன்னு சொன்னாங்க சார். அவங்க தவறின அன்னிக்கும் பாப்பா போன் பண்ணுச்சு, வந்தேன். தெரு முனையில நின்னு பாத்தேன். நீங்க ஒவ்வொருத்தரையா நிறுத்திக் கேட்டுக்கிட்டு இருந்தீங்க. அப்படியே கும்பிட்டுட்டுத் திரும்பிட்டேன்.”

பவித்ரா நாற்காலி போட்டு ஏறி, சுவரிலிருந்த பதினொன்றைக் கழற்றினாள். பெரியவர் போர்வையைப் பிரித்துத் தான் கொண்டுவந்ததை என்னிடம் நீட்டினார். அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, எண்ணைப் பார்த்தேன். கையெழுத்தைப் பார்த்தேன். பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தேன்.

“அப்பா!” என்றாள் பவித்ரா.

“விடும்மா, பாக்கட்டும்” என்றார் அவர். “உங்கக்காவும் பாக்காம வாங்கினதே இல்ல சார், ஒரு வருஷம்கூட. அடுத்த மார்கழி உங்க முறை. பாப்பாவையும் கூட்டிட்டு வாங்க.”