ஏழாம் தட்டு

அச்சறையில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவள் அவள். அத்தனை வருடத்தில் ஒருநாள்கூட முகத்துக்குப் பவுடர் பூசிக்கொண்டு வேலைக்குப் போனதில்லை. கையில் வளையலோ மோதிரமோ கிடையாது. பவுடரின் ஒரு துகள் விழுந்தாலும் கண்ணாடித் தகடு குப்பைக்குத்தான். கூட வேலை செய்தவர்கள் அவளைப் 'புள்ளி அக்கா' என்றார்கள். அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

வேலையே புள்ளி வைப்பதுதான். அச்சறையில் பன்னிரண்டு இயந்திரங்கள். ஒவ்வொன்றின் தலையிலும் பதினாறு எஃகு ஊசிகள், ஊசியின் நுனி பேனா நிப்பு மாதிரிப் பிளந்திருக்கும். கைக்கு அடக்கமான ஒரு பிளாஸ்டிக் தட்டில் தொண்ணூற்றாறு குழிகள். ஒவ்வொரு குழியிலும் ஒவ்வொரு விதமான மரபணுத் துணுக்கு, நீரில் கரைந்து. ஊசிகள் குழிக்குள் முங்கி, கொஞ்சம் உறிஞ்சிக்கொண்டு, வரிசையாகக் கிடக்கும் கண்ணாடித் தகடுகளைத் தொட்டுத் தொட்டுப் போகும். தொட்ட இடத்தில் தலைமுடியின் தடிமனுக்கு ஒரு துளி நிற்கும். பிறகு ஊசிகள் குளித்து, உலர்ந்து, அடுத்த குழிக்குப் போகும். ஒரு தகட்டில் ஆயிரத்துக்கு மேல் புள்ளி; அதற்குத் தட்டுகளே பத்துக்கு மேல் வேண்டும். இப்படித் தயாராகும் சில்லின் மேல் நோயாளியின் ரத்தத்திலிருந்து எடுத்ததை ஊற்றினால், பொருந்துகிற புள்ளி மட்டும் ஒளிரும். எந்தப் புள்ளி ஒளிர்கிறது என்பதை வைத்து மருத்துவர் முடிவு சொல்வார்.

அறையின் காற்று வறண்டால் துளி ஓரம் தடித்து வளையமாகிவிடும். ஈரம் கூடினால் பக்கத்துத் துளியோடு ஒட்டிக்கொள்ளும். ஈரமானியைப் பார்க்காமலே, அறைக்குள் நுழைந்ததும் மூக்கால் சொல்லிவிடுவாள்: "இன்னைக்குக் காத்து காஞ்சிருக்கு." லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையிலிருந்த அவள் கணவருக்கு இதில் ஒரு மனக்குறை. "அங்க முடி அளவுக்குத் துளி வைக்கிற. சாம்பாருக்கு உப்புப் போடறப்ப மட்டும் அந்தக் கை எங்க போகுது?" என்பார். மகள் சிரிப்பாள். அவளும் சிரிப்பாள்.

அந்த வியாழக்கிழமை காலை, வேறொரு வேலைக்காக உறைபெட்டியிலிருந்து ஏழாம் தட்டை எடுத்தாள். இரண்டு வாரம் முன்பு ஒரு குழந்தைகள் மருத்துவமனைக்கு அறுபது சில்லு அச்சிட்டபோது பயன்படுத்திய தட்டு அது. அந்த வேலைக்கு மேல் நான்கு வரிசைகள் மட்டும் போதும். கீழ் நான்கும் இன்றைய வேலைக்கென்று ஒதுக்கியவை. உருகட்டும் என்று மேசையில் வைத்துவிட்டு, மேலே ஒட்டியிருந்த படலத்தை உரித்தாள்.

மேல் நான்கு வரிசைகள் நிறைந்திருந்தன. கீழ் நான்கில்தான் மட்டம் இறங்கியிருந்தது.

முதலில் தட்டைத்தான் தலைகீழாகப் பிடித்திருக்கிறோம் என்று நினைத்தாள். பார்த்தாள். அடையாளத்துக்கு வெட்டிய மூலை இடது மேல் பக்கம், இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. அப்படியானால் அன்று இயந்திரத்துக்குள் தட்டு திரும்பி உட்கார்ந்திருக்கிறது. இயந்திரம் அது பாட்டுக்கு மேல் வரிசை என்று நினைத்துக் கீழ் வரிசையை உறிஞ்சி அறுபது தகட்டிலும் வைத்திருக்கிறது. புள்ளிகள் அழகாகத்தான் இருந்தன. ஒரு தகட்டுக்குச் சாயமேற்றிச் சோதித்தவளும் அவளே. புள்ளி இருக்கிறதா, வட்டமாக இருக்கிறதா என்றுதான் சாயம் சொல்லும். எது எங்கே இருக்கிறது என்று சொல்லாது.

அன்று என்ன நடந்தது என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. யாரோடும் சண்டையில்லை, தலைவலியில்லை. விசேஷமாக எதுவுமே நடக்காத ஒரு செவ்வாய்க்கிழமை.

இன்றைய வேலை முடிந்ததும் அந்தத் தட்டு எரிகூடத்துக்குப் போய்விடும். வேறு யாரும் அதைத் திறந்து பார்க்கப்போவதில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க வேண்டியதில்லை. சும்மா இருந்தால் போதும், அதுவே மறைந்துவிடும். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தில் ஆறு நிமிடம் நகரும்வரை நின்றாள். அந்த ஆறு நிமிடத்தைப் பற்றிப் பிற்காலத்தில் மகளிடம் மட்டும் சொன்னாள்.

பிறகு மேலாளர் அறைக்குப் போனாள்.

"வெளியில எடுக்கறப்ப யாராவது மாத்தி வச்சிருக்கலாமே?" என்றார் அவர்.

"எடுத்தது நான், வச்சது நான். வேற கை படலை சார்."

மேலாளர் நல்ல மனிதர். மேலே ஒன்றும் கேட்காமல் தொலைபேசியை எடுத்தார். அறுபதில் இருபத்து மூன்று சில்லுகளை மருத்துவமனை ஏற்கெனவே பயன்படுத்தியிருந்தது. மற்ற தட்டுகளின் புள்ளிகள் சரியாக இருந்ததால் அங்கே யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அன்று மாலையே மறுசோதனை தொடங்கியது.

இருபத்து இரண்டு குழந்தைகளுக்குப் பாதிப்பு ஒன்றுமில்லை. ஒரு பெண் குழந்தைக்கு இருந்தது. பிறந்து மூன்று வாரம், கடுமையான தொற்று. அதற்குக் கொடுக்கும் ஒரு மருந்து, சில பிள்ளைகளின் காதைக் கெடுத்துவிடும். யாருக்குக் கெடுக்கும் என்பதைச் சொல்லும் புள்ளி ஏழாம் தட்டிலிருந்து வரவேண்டியது. அந்த இடம் ஒளிரவில்லை. கொடுக்கலாம் என்று கொடுத்துவிட்டார்கள். உயிர் பிழைத்தது. இரண்டு காதும் போயிற்று.

அது தெரிந்த அன்று அவள் வைத்த குழம்பில் உப்பே இல்லை. கணவர் தானே உப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு சாப்பிட்டு எழுந்தார்.

மருத்துவமனையில் பெற்றோரைச் சந்திக்க ஏற்பாடாயிற்று. மேலாளர் மட்டும் போவதாக இருந்தது. "நானும் வர்றேன் சார். வேண்டாம்னா தனியாப் போவேன்" என்றாள். கூட்டிப்போனார்.

குழந்தையின் அம்மா பேருந்து நடத்துனர். கூட்டத்தில் கடைசி ஆளுக்கும் கேட்கும்படி பேசிப் பழகிய குரல். அப்பா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கருவியில ஒரு சின்னக் கோளாறு..." என்று ஆரம்பித்தார்.

"கருவி நல்லாத்தான் இருந்துச்சு," என்றாள் அவள். "தட்டைத் திருப்பி வச்சது நான்."

அந்த நேரம் தாழ்வாரத்தில் யாரோ ஒரு கதவை அறைந்து சாத்தினார்கள். பெரியவர்கள் நான்கு பேரும் திடுக்கிட்டார்கள். குழந்தை அசையாமல் தூங்கியது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

நடத்துனர் அவள் பக்கம் திரும்பிக் கேட்டாள்: "மன்னிப்புக் கேக்க வந்தீங்களா?"

"கேட்டா நீங்க பதில் சொல்லணும். அந்தப் பாரத்தையும் உங்க தலையில ஏத்த வேண்டாம். நடந்ததை என் வாயால சொல்லணும்னு வந்தேன்."

"அந்தத் தட்டு எப்படி இருக்கும்?"

பையிலிருந்து காலித் தட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். நடத்துனர் அதை இப்படியும் அப்படியும் திருப்பினாள். "ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கு. எது மேல, எது கீழ?"

"ஒரு மூலை மட்டும் வெட்டியிருக்கும், பாருங்க."

விரலால் தடவிப் பார்த்தாள். "கண்ணுக்கே தெரியலையே. இதை எத்தனை பேர் வைக்கிறீங்க?"

"மூணு பேர்."

"நாளைக்கு மத்த ரெண்டு பேர்ல ஒருத்தர் திருப்பி வச்சா?"

தட்டு புள்ளி அக்காவின் கைக்குத் திரும்பி வந்தது. "பதில் தெரிஞ்சா சொல்லி அனுப்புங்க," என்றாள் நடத்துனர்.

அந்த வாரமே அவளைப் பொட்டலம் கட்டும் பிரிவுக்கு மாற்றினார்கள். அவள் எதிர்க்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி அவளை விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே கணவரிடம் கேட்டாள்: "கவனமா இருங்கன்னு எழுதி ஒட்டுனா போதாதா?"

"லிஃப்ட்ல கதவு சாத்தாம கிளப்பாதீங்கன்னு எழுதி ஒட்டியிருந்தா, இந்நேரம் எத்தனை பேர் போயிருப்பாங்க?" என்றார் அவர். "நாங்க ஆளை நம்புறதில்ல. கதவு சாத்தலைன்னா அது கிளம்பவே கிளம்பாது. கிளம்ப முடியாதபடி பண்ணி வச்சிருக்கோம்."

மடித்த துணியை அப்படியே வைத்துவிட்டு ஒரு தாளில் படம் போட்டாள். தட்டு உட்காரும் பள்ளத்தின் ஒரு மூலையில் சின்ன எஃகு முளை. வெட்டிய மூலை அங்கே வந்தால்தான் தட்டு இறங்கும். வேறெப்படி வைத்தாலும் முளையில் இடித்துக்கொண்டு நிற்கும்; தட்டு இறங்காவிட்டால் ஊசியும் இறங்காது. மேலாளரிடம் கொடுத்தாள். 'பார்க்கலாம்' என்றார். அடுத்த வாரமும் போய் நின்றாள், அதற்கடுத்த வாரமும். "பொட்டலம் கட்டறவங்களுக்கு அச்சறையில என்ன வேலை?" என்று யாரோ முணுமுணுத்தது காதில் விழுந்தது. நான்காவது மாதம் பட்டறைக்காரர் முளையைக் கடைந்து கொண்டுவந்து பொருத்தினார். பன்னிரண்டு இயந்திரங்களுக்கும்.

அவள் நடத்துனருக்குச் செய்தி அனுப்பினாள். பதில் வரவில்லை. ஒன்றரை மாதம் கழித்து, வேலைச் சீருடையோடு நடத்துனரே வந்து வாசலில் நின்றாள். பணி முடிந்து நேராக வந்திருந்தாள்.

மேலாளர் அனுமதித்தார். இரண்டு பேரும் தலையுறையும் காலுறையும் மாட்டிக்கொண்டு அச்சறைக்குள் போனார்கள். ஓர் இயந்திரம் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. காலித் தட்டு ஒன்றை நடத்துனர் வாங்கி, வேண்டுமென்றே திருப்பி வைத்தாள். இடித்தது. குறுக்காக வைத்தாள். இறங்கவில்லை. உள்ளங்கையால் ஓங்கி ஒரு அடி அடித்தாள். தட்டின் விளிம்பு விரிசல் விட்டதே தவிர உட்காரவில்லை. அப்புறமும் கையை எடுக்காமல் அதன்மேல் வைத்தபடியே நின்றாள்.

"இவ்வளவுதானா," என்றாள். "இது முன்னாடியே இருந்திருக்கலாம்ல?"

"இருந்திருக்கலாம்."

"பாப்பாவுக்கு அடுத்த மாசம் ஆப்பரேஷன். காதுக்குள்ள கருவி வைக்கிறாங்க. கேக்கும்ங்கறாங்க. எப்படிக் கேக்கும்னு யாருக்கும் தெரியாது."

புள்ளி அக்கா தலையசைத்தாள்.

வாசல்வரை கூடவே போனாள். நடத்துனர் செருப்பை மாட்டிக்கொண்டு, "போயிட்டு வர்றேன்" என்றாள். பழக்கத்தில் வந்த வார்த்தையாகவும் இருக்கலாம். பேருந்து நிறுத்தத்தை நோக்கி அவள் வேகமாக நடந்து தெரு முனையில் திரும்பும்வரை புள்ளி அக்கா அங்கேயே நின்றாள்.

பிறகு உள்ளே வந்து கையைக் கழுவிக்கொண்டாள். மாலைக்குள் நாற்பது பெட்டிகள் போக வேண்டியிருந்தது.